மர்பி டவுனில் சர்வர் டவுன்

டெல்லியின் உத்தரவு ஏழையின் கைபேசிக்கு ஒரு நொடியில் வந்து சேர்கிறது. ஏழையின் புகார் டெல்லிக்குப் போகத்தான் சிக்னல் கிடைப்பதில்லை.

காலை பத்து மணி. ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்கும் பாட்டி, வலது கைக் கட்டை விரலைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டுக் கருவியின் மேல் வைக்கிறார். கருவி ஏற்க மறுக்கிறது. ஆள்காட்டி விரல். ஊஹூம். இடது கை. அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே தங்கும்? அடுத்தவர் வருகிறார். அவருக்கு ரேகை தெளிவாக இருக்கிறது. இப்போது கருவிக்கு சிக்னல் இல்லை. "சர்வர் டவுன். சாயங்காலம் வாங்க" என்கிறது கடை. சாயங்காலம் என்றால் இன்னொரு அரை நாள் வேலை போச்சு.

இந்தக் காட்சி நாட்டின் எந்த ரேஷன் கடை வாசலுக்கும் பொருந்தும். ஆனால் பெங்களூரின் மர்பி டவுன் போன்ற பகுதிகளுக்கு இதில் ஒரு கூடுதல் வேதனை உண்டு. உல்சூருக்கும் இந்திராநகருக்கும் நடுவே, தமிழ் பேசும் உழைக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் இது. நாட்டின் கம்ப்யூட்டர் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊரின் மையத்தில் இருந்துகொண்டே, 'சர்வர் இல்லை' என்ற பதிலையும் கேட்க வேண்டியிருக்கிறது.

டீக்கடையில் காதில் விழும் கோபங்கள் இரண்டு வகை. ஒன்று, டெல்லியிலும் விதான சௌதாவிலும் இருப்பவர்கள் மீது. மற்றது, கையில் இருக்கும் போன் மீது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முன்பு அரசாங்கம் என்பது ஒரு மேஜை, ஒரு குமாஸ்தா, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இப்போது அது ஒரு திரை. குமாஸ்தாவிடம் சண்டை போடலாம், கெஞ்சலாம், மேலதிகாரியிடம் போகலாம். திரையிடம் என்ன செய்வது?

இரண்டு மர்பிகள்

தவறாகப் போகக்கூடியது எதுவோ அது தவறாகவே போய்த் தீரும் என்ற 'மர்பி விதி'யைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த மர்பி, அமெரிக்க விமானப்படையில் இருந்த இன்ஜினியர். மர்பி டவுனின் மர்பியும் இன்ஜினியர்தான், ஆனால் வேறு ஆள். வெள்ளையர் ஆட்சியில் பெங்களூர் கன்டோன்மென்ட்டின் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் பொறியாளராக இருந்தவர். நாக்ஸ்பேட்டை என்ற பழைய குடியிருப்பு, அவர் பெயரில் உழைக்கும் மக்களுக்கான டவுனாக மாறியது.

கன்டோன்மென்ட் பகுதி மைசூர் சமஸ்தானத்திடம் திருப்பித் தரப்பட்டது 1947 ஜூலையில். மூன்று வாரத்தில் நாட்டுக்கே சுதந்திரம். ஆட்சிகள் மாறின, மாநிலத்தின் பெயர் மாறியது, ஊரின் எழுத்துக்கூட்டலும் மாறியது. வரிசையில் நிற்பது மட்டும் மாறவில்லை.

டயல் டோனுக்காக ஒரு தவம்

இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டின் தொலைபேசிகள் பிறந்ததே இதே பழைய மெட்ராஸ் சாலையின் இன்னொரு கோடியில்தான். 1948இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை இருந்த இடத்துக்கே தூரவாணிநகர் என்று பெயர் வந்தது. 'தூரவாணி' என்றால் கன்னடத்தில் டெலிபோன். ஆனால் அந்தக் கறுப்புக் கருவி ஒரு சாமானியர் வீட்டுக்கு வந்து சேர வருஷக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம். ஸ்டீபன், போன் என்பது ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற தொனியில் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது.

1995 ஜூலை 31இல் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு போனது. கல்கத்தாவில் இருந்து பேசியவர் முதல்வர் ஜோதி பாசு. டெல்லியில் எடுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராம். அடுத்த ஆண்டே அதே சுக்ராமின் வீடுகளில் சி.பி.ஐ. சோதனை போட்டு 3 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கத்தை எடுத்தது. டெலிபோன் இல்லாதவருக்கு அது ஊழல் செய்தி மட்டுமல்ல. தனக்கு ஏன் டயல் டோன் கிடைக்கவில்லை என்ற கேள்வியின் பதில் மாதிரியும் இருந்தது.

இன்று போன் இல்லாத வீடு அபூர்வம். காத்திருப்பு மட்டும் போனுக்கு உள்ளேயே குடியேறிவிட்டது. அன்று இணைப்புக்குக் காத்திருந்தார்கள். இன்று ஓ.டி.பி.க்கு.

அரிசி பணமான கதை

டெல்லி அரசியல் எப்படி அடுப்படிக்கு வருகிறது என்பதற்கு 2023ஆம் ஆண்டின் அரிசிச் சண்டையை விட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் ஆட்சியைப் பிடித்த காங்கிரஸ், ஏழைக் குடும்பங்களில் ஆளுக்கு 10 கிலோ அரிசி என்று வாக்குறுதி தந்திருந்தது. மத்தியத் தொகுப்பிலிருந்து வரும் 5 கிலோ போக, மீதி 5 கிலோவை விலைக்கு வாங்க வேண்டும். முதலில் தருவதாகச் சொன்ன இந்திய உணவுக் கழகம் ஓரிரு நாளில் பின்வாங்கியது. விலைவாசியைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு விற்பதை நிறுத்துகிறோம் என்றது மத்திய அரசு. இது அரசியல் பழிவாங்கல் என்றது மாநில அரசு.

முடிவில், அரிசிக்குப் பதில் பணம் என்றானது. கிலோவுக்கு 34 ரூபாய் கணக்கில் ஆளுக்கு 170 ரூபாய், ஜூலையில் இருந்து. பணம் போவது குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்குக்கு. அந்தக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். அதாவது இரண்டு அரசாங்கங்களின் தகராறு, ஒரு குடும்பத் தலைவியின் 'லிங்க்' பிரச்னையாக மாறிப்போனது. கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டல், எப்போதோ திறந்து மறந்துபோன வங்கிக் கணக்கு என்று சிக்கிக்கொண்டவர்களுக்கு அரிசியும் இல்லை, பணமும் இல்லை. 2025 பிப்ரவரியில், மத்திய அரசு அரிசியை விற்க முன்வந்த பிறகு, பணத்துக்குப் பதில் மறுபடி அரிசியே தருவதென்று முடிவானது. சண்டை முடிய ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதே 2023 ஜூனில் இலவச மின்சாரத் திட்டத்துக்குப் பதிவு தொடங்கியபோது அரசின் 'சேவா சிந்து' இணையதளம் திணறியது. மத்திய அரசுதான் சர்வரை 'ஹேக்' செய்துவிட்டது என்றார் மாநில அமைச்சர் சதீஷ் ஜார்கிஹோளி. ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் நுழைந்தால் எந்த சர்வரும் மூச்சு வாங்கும் என்பது பெங்களூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும், சர்வர் படுத்தால்கூட டெல்லி மீது பழி போடலாம் என்ற புது உத்தி அரசியலுக்குக் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே மாதத்தில் இருக்கிறது. ஜூன் 11இல் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பஸ் பயணம். அடையாள அட்டையைக் காட்டினால் கண்டக்டர் கண்ணால் பார்த்துப் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துத் தருகிறார். விரல் ரேகை வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். திட்டம் தொடங்கிய அன்றே பெண்கள் பஸ் ஏறினார்கள். நடுவில் ஒரு மனிதர் இருந்தார். முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருந்தது.

ஒரே ஊர், இரண்டு கட்சி

விரல் ரேகையின் அரசியலும் பெங்களூர்க் கதைதான். 2009இல் தொடங்கிய ஆதார் ஆணையத்தின் முதல் தலைவர் நந்தன் நிலேகணி, இந்த ஊர்க்காரர். 2014 தேர்தலில் தெற்கு பெங்களூரில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். ஆதாரை பா.ஜ.க. கடுமையாக விமர்சித்தது, பெங்களூர்ப் பொதுக்கூட்டத்திலேயே நரேந்திர மோடி அதன் மீது கேள்விக் கணைகளை வீசினார். நிலேகணி தோற்றார். மோடி பிரதமரானார். 2016இல் அதே ஆதாருக்குச் சட்டம் கொண்டுவந்தது மோடி அரசு. அதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்ததை எதிர்த்தது காங்கிரஸ். கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தன. கருவி மீது வைத்த விரல் அப்படியே இருந்தது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் மனுதாரரும் பெங்களூர்க்காரரே. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் வழக்குப் போட்டபோது எண்பது வயதைத் தாண்டியிருந்தார். அந்த வழக்கால்தான் 2017 ஆகஸ்டில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்தது. ஆதார் செல்லும் என்று 2018 செப்டம்பரில் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். புட்டசாமி 2024இல் காலமானார்.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு கணக்கு முக்கியமானது. அரசு சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 சதவீதம்தான் வெற்றி பெறுகிறது என்று 2018 மார்ச்சில் ஆணையத்தின் தலைமை அதிகாரியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். நூறு முயற்சியில் 12 தோல்வி. தோல்வி என்றால் மறுப்பு என்று அர்த்தமல்ல, வேறு வழியில் கொடுக்கலாம் என்றது ஆணையம். ரேகை பதியவில்லை என்பதற்காக யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே சுற்றறிக்கையும் இருக்கிறது. ஆனால் சுற்றறிக்கை ரேஷன் கடை வரிசைக்கு வந்து சேருவதில்லை. வரிசையில் நிற்கும் பாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

வரும், போகாது

அந்த 'வேறு வழி' பெரும்பாலும் ஓ.டி.பி.தான். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் முடங்கி, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம். பிறகு பாட்டியின் ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் ஒலிக்கும்.

நம்பர் சரியாக இருந்தாலும் மொழி இடிக்கிறது. மர்பி டவுனின் மூத்த தலைமுறையில் பலருக்குப் பேச்சில் கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் சரளம். படிக்கத் தெரிந்ததென்றால் தமிழ் மட்டும், அல்லது எதுவுமே இல்லை. எஸ்.எம்.எஸ். வருவதோ ஆங்கிலத்தில், கன்னடத்தில், சில சமயம் இந்தியில். 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்ற எச்சரிக்கையைப் படித்துக் காட்டுவதற்கே பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனிடம் போனைக் கொடுக்க வேண்டும். அவனுக்கு நம்பர் தெரிந்துவிடுகிறது. அவன் நல்ல பையனாக இருப்பது இவர்களுடைய அதிர்ஷ்டம். மோசடிக்காரர்களுக்கு வாசல் திறப்பதும் இதே இடத்தில்தான்.

ஆனால் மேலிருந்து வரும் குரலுக்கு எந்தத் தடையும் கிடையாது. 2004 தேர்தலில் பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்த குரல் வீடு வீடாக டெலிபோனில் ஒலித்தது. பதில் பேச முடியாது. 2024 மார்ச்சில் 'வளர்ந்த பாரதம்' என்று பிரதமர் மோடியின் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. தேர்தல் அறிவிப்புக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்ததால், நிறுத்துங்கள் என்று தேர்தல் ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. ஓ.டி.பி. வராத போனுக்கும் கடிதம் மட்டும் தவறாமல் வந்தது.

குறைந்தபட்சம் ஓட்டாவது கையில் இருக்கிறது என்று ஆறுதல் அடையலாமா? 2022 நவம்பரில், மாநகராட்சியின் அனுமதியோடு கிளம்பிய ஒரு தன்னார்வ அமைப்பின் ஆட்கள், தேர்தல் ஊழியர்கள் போல நடித்து வாக்காளர் விவரங்களைத் திரட்டியதாகப் புகார் வெடித்தது. உல்சூரை ஒட்டிய சிவாஜிநகர் உட்பட மூன்று தொகுதிகளில் பெயர் சேர்த்தல், நீக்கலை முழுமையாகச் சரிபார்க்க தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய பெங்களூர் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்த மகாதேவபுராவில் ஒரு லட்சத்துக்கும் மேல் போலி ஓட்டுகள் என்று ராகுல் காந்தி குற்றம் சாட்டினார். ஆணையம் மறுத்தது. யார் சொல்வது சரி என்பது ஒரு பக்கம். தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவும் சாமானியர் போனைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

சாயங்காலம்

கருவியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பூ விற்கிற அம்மா க்யூஆர் அட்டையில் பணம் வாங்குகிறார். சில்லறைத் தகராறு போயிற்று. ரேஷன் கடைக்காரர் பொய்க் கணக்கு எழுதுவதும் முன்போல சுலபமில்லை. கேட்பது இவ்வளவுதான்: கருவி 'இல்லை' என்றால், 'உண்டு' என்று சொல்ல ஒரு மனிதர் இருக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கையெழுத்து, பொறுப்பேற்க ஓர் அதிகாரியின் பெயர். பஸ் கண்டக்டரிடம் நம்பி ஒப்படைத்த அதிகாரத்தை ரேஷன் கடையில் தரக் கூடாதா?

ஆதார் பற்றிப் புகார் செய்ய வேண்டிய தொலைபேசி எண் 1947. சுதந்திரம் வந்த ஆண்டு. மர்பி டவுன் வெள்ளையர் கையைவிட்டு வந்த ஆண்டும் அதுதான். தமிழிலும் பேசலாம்.

சாயங்காலம் பாட்டி மறுபடி வருகிறார். இந்தமுறை விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு. மூன்றாவது தடவையில் கருவி ஏற்றுக்கொள்கிறது. பையில் அரிசி விழுகிறது. அவர் முகத்தில் தெரிவது சந்தோஷம் அல்ல. பரீட்சையில் எப்படியோ பாஸானவரின் பெருமூச்சு. அடுத்த மாதம் மறுபடி பரீட்சை.