சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கிலோமீட்டரின் வரவு செலவு

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு, இடையில் எங்கும் இறங்காத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. அப்போதே உலகின் மிக நீளமான பயணிகள் விமானச் சேவை அதுதான். அதன் கணக்கைப் புரட்டினால், தூரத்துக்கான விலை எங்கே போகிறது என்பது விளங்கும்.

தூரம்
சிங்கப்பூரிலிருந்து வட துருவம் 88.6 பாகை, நியூயார்க்கிலிருந்து 49.4 பாகை. இரு நகரங்களும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 178 பாகை விலகி இருப்பதால், மிகக் குறுகிய வழி துருவத்தை ஒட்டியே போகிறது. இரண்டையும் கூட்டினால் 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. எனப் பெருக்கினால் 15,346 கி.மீ. அதிகாரபூர்வத் தூரத்துக்கும் இதற்கும் 3 கி.மீ.தான் வித்தியாசம்! ஆனால் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கம் சுற்றிச் செல்கிறது. கிழக்கு நோக்கி வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், கூடுதல் தூரம் ஈடாகிவிடுகிறது.

நேரம்
அட்டவணைப்படி சுமார் 18 மணி 40 நிமிடம்; சராசரி வேகம் மணிக்கு 822 கி.மீ. நியூயார்க் நேரம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி பின்தங்கியிருக்கும். அதனால் போகும்போது உள்ளூர்க் கடிகாரக் கணக்கில் ஆறு மணி நேரம்போலத்தான் தெரியும். திரும்பும்போது 30 மணியைத் தாண்டிவிடும்.

எரிபொருள்
பறப்பது ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். கொள்ளளவு 1,65,000 லிட்டர். சாதாரண ஏ350-900-ஐவிடச் சுமார் 24,000 லிட்டர் அதிகம். லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் 132 டன். புறப்படும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடையே 280 டன். ஆக, நிரம்பிய டாங்கி மட்டும் 47 சதவீதம். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் 17 மணி நேரமும் சுமக்க வேண்டும்; அந்தச் சுமைக்கும் எரிபொருள் செலவாகும்.

இருக்கை
இந்தச் சுமைக்கு ஈடாக இழப்பது இருக்கைகளை. இதே நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350-900-இல் 253 இருக்கைகள். இதில் 161 மட்டுமே. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி வகுப்பே கிடையாது. டாங்கிக் கொள்ளளவை இருக்கைகளால் வகுத்தால், தலைக்கு 1,025 லிட்டர்.

நிகரம்
பிராங்பர்ட்டில் இறங்கிச் சென்றால் மொத்தம் சுமார் 16,500 கி.மீ., ஏறக்குறைய 24 மணி நேரம். நேரடிச் சேவை மிச்சப்படுத்துவது சுமார் 5 மணி நேரம். அதற்குக் கொடுப்பது 92 இருக்கைகள்.

2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 கொண்டு நியூயார்க்கை ஒட்டிய நூவர்க்குக்கு ஓடிய முந்தைய சேவை 2013-இல் நின்றது. இரண்டே எஞ்சின் கொண்ட விமானம் 2018-இல் அதை மீட்டது. எஞ்சின் பாதியானது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் சாதாரணப் பயணிக்கு அந்த 5 மணி நேரம் இன்னும் எட்டாக்கனி. இதே தூரத்தை எகானமி இருக்கைகளோடு கட்டுப்படியாகும் கட்டணத்தில் கடக்கும் விமானமே அடுத்த உண்மையான சாதனையாக இருக்கும்.