நாட்டு வளர்ச்சியும் வீட்டு வருவாயும்

நாடு வளர்கிறது என்னும் செய்தியை நாளேட்டில் படிக்கும்போதெல்லாம், அவ்வளர்ச்சி நம் தோட்டத்து மாணவன் வீட்டு அடுப்பங்கரை வரை வந்ததா என்னும் வினா எழுவது இயல்பே. நாட்டின் மொத்த வருவாய் பெருகுவது ஒன்று; அது மக்களிடையே பங்காகும் முறை வேறொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு யாதென ஈண்டு ஆராய்வோம்.

பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டும் கணக்கொன்று உண்டு. ஓர் ஊரில் ஐந்து குடும்பங்கள். அவற்றின் மாத வருவாய் முறையே 200, 300, 400, 500, 600 வெள்ளி. மொத்தம் 2,000, சராசரி 400. சில ஆண்டுகளில் முதல் நான்கு குடும்பங்களின் வருவாய் நூற்றுக்குப் பத்து உயர்ந்து 220, 330, 440, 550 ஆகிறது. ஐந்தாம் குடும்பம் 2,460 வெள்ளி பெறுகிறது. சராசரி 800 ஆக இரட்டித்துவிட்டது. நடுக் குடும்பத்திற்கோ கூடியது 40 வெள்ளியே!

இவ்வேற்றத்தாழ்வை அளக்க இத்தாலிய அறிஞர் கொராடோ ஜினி 1912இல் ஓர் அளவுகோல் வகுத்தார். எல்லாரும் சமமாகப் பெற்றால் அதன் மதிப்பு சுழி. ஒருவரே அனைத்தும் பெற்றால் ஒன்று. நம் கற்பனை ஊரில் அது 0.20இலிருந்து 0.47 ஆக உயர்கிறது.

வளர்ச்சி எப்போதும் ஏற்றத்தாழ்வை மிகுவிக்குமா? 1955இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் ஒரு கருத்தை வெளியிட்டார். மக்கள் உழவை விட்டுத் தொழிலுக்கு மாறத் தொடங்கும்போது, முதலில் மாறியவர் முந்துவர். ஆகவே இடைவெளி விரியும். பெரும்பாலோர் மாறிய பின் அது சுருங்கும். ‘ப’ என்னும் எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற கோடு அது. ஆயினும் தம்மிடமிருந்த சான்றுகள் சிலவே என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் 1980க்குப் பின் ஏற்றத்தாழ்வு மீண்டும் மிகுந்தது, அக்கோடு இயற்கை விதியன்று என்பதைக் காட்டிற்று.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் 1970இல் 0.513 ஆக இருந்த ஜினி அளவு 1976இல் 0.557 ஆக ஏறியது. 1989இல் ஏறத்தாழ 0.44 ஆக இறங்கியது. இவ்விறக்கம் தானே நிகழ்ந்ததன்று. 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, கல்விப் பெருக்கம், 1972இல் பாயான் லெப்பாசில் உருவான தொழில் வட்டாரம் போன்றவை பலருக்கு மாதச் சம்பளம் அளித்தன. ஆனால் 1990களில் பொருளாதாரம் விரைந்து வளர்ந்தும் மலேசியாவின் அளவு 0.44க்கும் 0.46க்கும் இடையிலேயே நின்றது. 2022இல் அது 0.404. அவ்வாண்டில் குடும்பங்களின் சராசரி மாத வருவாய் 8,479 வெள்ளி. நடுக் குடும்பத்தின் வருவாயோ 6,338 வெள்ளிதான்.

நிபோங் திபால் வட்டாரமும் இதற்கொரு பாடம். இங்கே கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாள்தோறும் பால்மரம் வெட்ட வேண்டிய ரப்பருக்கு ஆட்கள் பலர் தேவை. செம்பனைக்கு அத்தனை பேர் வேண்டா. நிலத்தின் வருவாய் கூடியபோதும் உழைத்தவரின் வேலை குறைந்தது. வேலை போனவருக்குத் தோட்டத்து வீடும் போயிற்று. நிலமோ தொழிற்கல்வியோ இல்லாதவர் நகரத்திற்குப் போயும் கீழ்ப்படியிலேயே நின்றனர்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நம் ஐந்து குடும்பங்களும் ஒருசேர இரட்டிப்பு வருவாய் பெற்றால் ஜினி அளவு 0.20ஆகவே நிற்கும், எனினும் முதற் குடும்பத்திற்கும் கடைக் குடும்பத்திற்கும் உள்ள இடைவெளி 400இலிருந்து 800 வெள்ளியாகும். அளவுகோல் அசையாதிருந்தும் பள்ளம் ஆழமாகலாம்.

ஆகவே வளர்ச்சி வேண்டா என்பதன்று. வளர்ச்சியின்றிப் பங்கிடவும் ஒன்றுமில்லை. ஆனால் அது நீர்போலத் தானே பள்ளத்தை நோக்கிப் பாயும் என்று காத்திருத்தல் தவறு. அதற்கு வாய்க்கால் வெட்டவேண்டும். கூலிச் சட்டமும் குடியிருப்பும் அரசு வெட்டும் வாய்க்கால்கள். கணக்கும் மொழியும் கசடறக் கற்பித்து மாணவனை அடுத்த படிக்கு அனுப்புவது ஆசிரியராகிய நாம் வெட்டும் வாய்க்கால். அதனை நாளை என்று தள்ளிவைக்க நமக்கு உரிமையில்லை.