பூனைக்கும் ரத்தசோகை வருமா?

எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி மணி ஒருநாள் சோறு தின்னாமல் மூலையில் சுருண்டு படுத்துவிட்டது. எழுந்தால் சுவர்க்காரையை நக்கியது. ஈறு வெள்ளைவெளேர் என்றிருந்தது. "காய்ச்சலா இருக்கும், அரை மாத்திரை குடுத்துப் பாரு" என்றார் அம்மா. நல்லவேளை, கொடுக்கவில்லை! பாராசிட்டமாலை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரைகூட உயிரைக் குடித்துவிடலாம் என்றார் கால்நடை மருத்துவர்.

ரத்தசோகை தனி நோயல்ல; நோயின் அடையாளம். நம் ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் போல்ட் குறைந்தால் என்ன பார்ப்போம்? வெளியே போகிறதா, உள்ளேயே துருப்பிடிக்கிறதா, புதுச்சரக்கு வரவில்லையா? ரத்தத்துக்கும் இதே கணக்குதான்.

1. வெளியே போவது: தெள்ளுப்பூச்சி, குடலில் கொக்கிப்புழு, கண்ணுக்குத் தெரியாத உட்காயம்.

2. உள்ளே அழிவது: மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை அழிக்கும். வெங்காயம், பூண்டும் அணுக்களை உடைக்கும். குழம்புச்சோறு போடுவோர் கவனிக்க!

3. உற்பத்தி குறைவது: சிறுநீரகம் கெட்டால், ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்டின் குறையும். 1964-ல் கண்டறியப்பட்ட பூனை லுக்கேமியா வைரஸ் எலும்பு மஜ்ஜையையே தாக்கும்.

நம் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பூனையுடையது சுமார் 70 நாள்தான். அதனால் உற்பத்தி நின்றால் சீக்கிரமே தெரிந்துவிடும்.

ரத்தம் சோதித்து, உடம்பைச் சீப்பால் வாரிப் பார்த்ததில் மணியின் ரத்தத்தைக் குடித்தது தெள்ளுப்பூச்சிக் கூட்டம் என்று தெரிந்தது. இன்று மணி மதில்மேல் ஓடுகிறது. காரணம் தெரியாமல் டானிக் மட்டும் ஊற்றியிருந்தால்?

வாயில்லா ஜீவன் வலியைச் சொல்லாது; அதன் ஈறு சொல்லும். வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!