என்கிளெக்ஸ்: வார்டு அனுபவம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

நோயாளிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குளிர் நடுக்கமும் முதுகுவலியும் என்கிறார். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? டாக்டருக்குச் சொல்வதா, காய்ச்சல் பார்ப்பதா, ரத்தத்தை நிறுத்துவதா, ரத்த வங்கிக்குப் போன் செய்வதா? நான்குமே செய்ய வேண்டியவைதான். ஆனால் முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு டியூபை மாற்றி நார்மல் சலைன் ஓடவிட வேண்டும். டாக்டருக்குப் போன் அதற்கப்புறம்தான்.

வார்டில் நிற்கும்போது நல்ல ஸ்டாஃப் நர்ஸின் கை தானாகவே போய் கிளாம்பை மூடிவிடும். அதே நர்ஸ் கணினி முன் உட்கார்ந்ததும் ‘டாக்டருக்குச் சொல்வது’ என்ற விடையைத் தொட்டுவிடுகிறார். கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதாத எதையும் செய்யாதே என்று முதலாண்டிலிருந்து நாம் அவரைப் பழக்கியிருக்கிறோம். அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுத வேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வோ நர்ஸ் சுயமாக எடுக்கும் முடிவைத்தான் சோதிக்கிறது. அங்கே படித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் முதல் முயற்சியிலேயே தேறுகிறார்கள். வெளிநாடுகளில் படித்துவிட்டு எழுதுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். இதை வைத்து நம் நர்ஸ்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஒரே இரவில் முப்பது, நாற்பது கட்டில்களைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். தேர்வு கேட்கும் கேள்வி வேறொரு வார்டிலிருந்து வருகிறது என்பதை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்வதில்லை.

அந்த வார்டு எப்படி இருக்கும்? பக்கவாதத்தோடு நேற்றுச் சேர்ந்த நோயாளியை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் மனைவி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுவார். சிஸ்டர் அந்தப் பக்கம் போகும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். தேர்வின் வார்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் சொந்தக்காரர் கிடையாது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது எல்லாம் நர்சிங் அசிஸ்டென்ட்டின் வேலை. அப்படியானால் இவருக்குச் சாப்பாடு ஊட்டும்படி அசிஸ்டென்ட்டிடம் சொல்லலாமா? கூடாது. நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று முதலில் சோதித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். சோதித்துப் பார்ப்பது, நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை பலன் தந்ததா என்று எடைபோடுவது ஆகிய மூன்றையும் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸ் வேறு யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. நிலைமை சீராக இருக்கும் நோயாளியை எல்.பி.என். என்ற அடுத்த நிலை நர்ஸிடம் விடலாம். சீரான நோயாளியின் ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு போன்றவற்றை அசிஸ்டென்ட்டிடம் விடலாம். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து பழகிய நம் நர்ஸ்கள் அதிகமாகச் சறுக்குவதும் இங்கேதான்.

தேர்வு நடக்கும் விதமும் நமக்குப் புதிது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் கிடையாது. ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாகும். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150, மொத்தம் 5 மணி நேரம். தேர்வு எழுதுகிறவர் தேறும் அளவுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் உறுதியாகத் தெரிந்தவுடன் கணினி நின்றுவிடும். எனவே 85-இல் நின்றால் பாஸ் என்பதும் 150 வரை போனால் ஃபெயில் என்பதும் வெறும் வதந்தி. எந்த எண்ணிலும் இரண்டில் எதுவும் நடக்கலாம். கடந்துவந்த கேள்விக்குத் திரும்பிப்போகவும் முடியாது. கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் கலங்க வேண்டாம். அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் வடிவம் மாறியிருக்கிறது. ஒரே நோயாளியின் குறிப்புகள், பரிசோதனை முடிவுகள், டாக்டர் உத்தரவு எல்லாவற்றையும் திரையில் காட்டி, அதை வைத்து வரிசையாக ஆறு கேள்விகள் கேட்பார்கள். இப்படி மூன்று நோயாளிகள் எல்லோருக்கும் நிச்சயம் வருவார்கள். ஆறு கேள்விகளும் ஆறு படிகள். குறிப்புகளில் கவனிக்க வேண்டியது எது, அதற்கு என்ன அர்த்தம், எது முதன்மையான ஆபத்து, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வீர்கள், செய்தது பலித்ததா. யோசித்துப் பார்த்தால் நல்ல ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொள்ளும் நர்ஸ் தினமும் மனதுக்குள் போட்டுப்பார்க்கும் கணக்குதான் இது. வார்டு அனுபவம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். ‘பொருந்துவன அனைத்தையும் தேர்வு செய்க’ வகைக் கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஆனால் தவறாகத் தொட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் குறையும். எல்லாவற்றையும் அழுத்திவைத்தால் ஏதாவது கிடைக்கும் என்ற உத்தி பலிக்காது.

தயாரிப்பு என்றால் பலருக்கும் யுவேர்ல்டு கேள்வி வங்கியும் சாண்டர்ஸ் புத்தகமும்தான். இரண்டும் நல்லவையே. ஆனால் ‘இன்றைக்கு நூறு கேள்வி போட்டேன்’ என்ற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. நைட் டூட்டி முடித்து வந்த அலுப்பில் இருபது கேள்வி போட்டாலும் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ள விளக்கத்தைப் படித்து, சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற மூன்றும் ஏன் பின்னுக்குப் போயின என்று சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தவறில்லை. சரியாக விடையளித்த கேள்விகளின் விளக்கத்தையும் விடக்கூடாது; அவற்றில் பாதி ஊகத்தில் வந்திருக்கும்.

மருந்துகளின் பெயர்களுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குவது நல்லது. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பூட்டமால் அல்பூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், லிக்னோகெய்ன் லிடோகெய்ன். வருடக்கணக்கில் போட்ட ஊசியைப் பெயர் தெரியாத காரணத்துக்காகத் தவறவிடுவது கொடுமை. எடை பவுண்டில் வந்தால் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கிவிட்டுத்தான் டோஸ் கணக்கைத் தொட வேண்டும். காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் பார்த்துப் பழகியவர்கள் செல்சியஸையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளலாம்.

படிப்பைவிட அதிகம் நாள் தின்பது காகித வேலை. எந்த மாநில நர்சிங் போர்டுக்கு விண்ணப்பிப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி. பல மாநிலங்கள் சி.ஜி.எஃப்.என்.எஸ். அமைப்பின் சான்று மதிப்பீட்டைக் கேட்கும். 1977-இல் தொடங்கிய இந்த அமைப்பு 2025-இல் ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியும் பதிவுச் சான்றைத் தமிழ்நாடு செவிலியர் குழுமமும் நேரடியாக அந்த அமைப்புக்கு அனுப்ப வேண்டும். நம் கையால் அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். கல்லூரி அலுவலகத்துக்கும் சாந்தோமில் உள்ள குழுமத்துக்கும் பலமுறை நடக்க வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்து, படிப்பைத் தொடங்கும்போதே இதையும் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். ஜி.என்.எம். சான்றிதழில் ‘செல்வி மு.’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பின் எடுத்ததென்றால் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் தேர்வு நடக்கும் பியர்சன் வியூ மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆதார் அங்கே செல்லாது. விண்ணப்பத்தின் முதல் கட்டத்தை நிரப்பும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் கூடுதலாக 150 டாலரும் வரியும். மாநில போர்டின் கட்டணம் தனி. இத்தனை செலவு செய்துவிட்டு ஓர் எழுத்துக்காகத் திரும்பி வருவதை எந்த நர்ஸுக்கும் நான் விரும்பமாட்டேன்.

தேறாவிட்டால் 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். எந்தப் பகுதியில் தேறும் அளவுக்கு மேலே, எதில் அருகில், எதில் கீழே என்று காட்டும் அறிக்கை கூடவே வரும். அடுத்த முயற்சிக்கு அதுதான் பாடத்திட்டம். முதல் பக்கத்திலிருந்து மறுபடி எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை.

கோச்சிங் சென்டர் விளம்பரங்கள் பெரிதாகச் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என்கிளெக்ஸ் தேறியதும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட முடியாது. ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வொன்றும் விசாஸ்கிரீன் சான்றும் வேண்டும். அதன் பிறகு இ.பி-3 என்ற விசா வரிசையில் நிற்க வேண்டும். 2025 முழுவதிலும் இந்தியர்களுக்கான அந்த வரிசை 2013-ஆம் ஆண்டு விண்ணப்பங்களைத் தாண்டவில்லை. வளைகுடாவில் சேமித்ததையும் நகையை அடகு வைத்ததையும் ஏஜென்டிடம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத் தேர்வு வீண் என்று ஆகிவிடாது. கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015-இலிருந்து இதே தேர்வைத்தான் தங்கள் நர்ஸ்களுக்கு வைக்கின்றன. ஆஸ்திரேலியா 2020-இலிருந்து வெளிநாட்டு நர்ஸ்களில் பலருக்கு இதை முதல் கட்டமாக வைத்திருக்கிறது. இந்தியாவில் படித்தவர்கள் அதன் பிறகு ஆஸ்திரேலியா போய்ச் செய்முறைத் தேர்வு ஒன்றையும் கொடுக்க வேண்டும். எந்த நாடு என்று முடிவு செய்தபின் புத்தகத்தைத் திறந்தால், எந்தச் சான்றை முதலில் எடுப்பது, எந்த ஆங்கிலத் தேர்வை எழுதுவது என்பதெல்லாம் அதன்படி அமைந்துவிடும்.