முட்டுக்கு மருந்து, பக்கத்தவருக்குப் பாதுகாப்பு

வடகீழ்ப் பருவமழை தொடங்கித் தடிமனும் காய்ச்சலும் வீடு வீடாகப் பரவும்போது, முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கும். திருகோணமலையோ மூதூரோ கிண்ணியாவோ, அவசரத்துக்கு ஓடுகிறவர்கள் நம்புவது நெபுலைசர் மெஷினைத்தான். ஆனால் முட்டைக் கிளப்பிவிட்டது இன்புளுவென்சாவா, கொவிட்டா, வேறு வைரசா என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே இருமலும் காய்ச்சலுமாக வருபவருக்கு, நிலைமை உயிராபத்தாக இல்லாதவரை, ஸ்பேசர் (மருந்து தேங்கிநிற்கும் குழாய்) பொருத்திய இன்ஹேலரே முதல் தெரிவாக இருக்க வேண்டும்.

நெபுலைசர், மருந்துநீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சல்பியூட்டமோல் ஒருமுறை பிடித்து முடிய ஏறத்தாழ பத்து நிமிடம் செல்லும். அவ்வளவு நேரமும் முகமூடியின் ஓரங்களால் வெண்புகை கசியும். நோயாளி இடையிடையே இருமுவார். தாதி அருகிலேயே நிற்பார். 2003 மார்ச்சில் ஹொங்கொங்கின் பிரின்ஸ் ஒப் வேல்ஸ் வைத்தியசாலையில் சார்ஸ் என்னும் சுவாசத் தொற்று பரவியபோது, முதல் நோயாளிக்கு நாளுக்கு நான்கு தடவை வீதம் ஏழு நாள் நெபுலைசர் கொடுக்கப்பட்டிருந்தது. அங்கு ஆராயப்பட்ட 138 நோயாளரில் 69 பேர் சுகாதாரப் பணியாளர்கள். தொற்று பரவ நெபுலைசரும் காரணமாக இருந்திருக்கலாம் என்று அப்போதே வைத்தியர்கள் எழுதினார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்தப் புகை மெஷினிலுள்ள மருந்திலிருந்து வருவது, நோயாளியின் நுரையீரலிலிருந்து வருவதல்ல. அதனால் நெபுலைசரைத் தொற்றுப் பரப்பும் சிகிச்சையாகக் கருத வேண்டியதில்லை என்று பிரித்தானிய சுகாதார வழிகாட்டல் சொன்னது. பின்வந்த ஆய்வுகளும் இதைத் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் சமமான பலன் தரும் இன்னொரு வழி இல்லாதபோதுதான் இந்தச் சந்தேகத்தோடு நாம் சமரசம் செய்ய வேண்டும். இங்கே வழி இருக்கிறது. முட்டுக் கடுமையானபோது ஸ்பேசர் வழியே கொடுக்கும் மருந்து நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்று கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. சிறுவர்கள் அவசரப் பிரிவில் தங்கும் நேரமும் அதனால் குறைந்தது. வைத்தியர் சொல்லும் அளவுக்கு, ஒரு தடவைக்கு ஒரு பம்ப் வீதம் அடித்து, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு நிதானமாக எடுத்தால் போதும். குழந்தைகளுக்கு முகமூடி இணைத்த ஸ்பேசர் இருக்கிறது.

செலவு தடையாக வேண்டியதில்லை. 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய்க்கு ஏற்பச் சூடான கம்பியால் துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்துச் செய்த ஸ்பேசர், கடையில் வாங்கியதற்கு இணையாகச் சிறுவர்களுக்கு வேலை செய்ததை 1999இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஆனால் ஒருவரின் ஸ்பேசரை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. மென்மையான சவர்க்கார நீரில் கழுவி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் உள்ளே மருந்து ஒட்டிக்கொள்ளும்.

பேசவே முடியாத, உதடு நீலம் பாய்ந்த நோயாளிக்கு நெபுலைசர் தேவைப்படலாம். அப்போதும் யன்னல்கள் திறந்த தனியிடம், வெளிமூச்சுக்கு வடிகட்டி, பணியாளருக்குத் தகுந்த முகக்கவசம் ஆகியவை கட்டாயம். மற்றவர்கள், உங்கள் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் வைத்தியசாலைக்குக் கையோடு கொண்டுபோங்கள். மெஷின் தரவில்லையே என்று மனம் சோராதீர்கள்; அதே மருந்துதான் உங்களுக்குக் கிடைக்கிறது, பக்கத்து வாங்கில் இருப்பவருக்கும் ஆபத்துக் குறைகிறது.