ஹார்டுடெயில் சைக்கிளுக்கு எந்த ஃபோர்க்?

முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிளை ஹார்டுடெயில் என்கிறார்கள். அந்த சஸ்பென்ஷன் இருப்பது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில். 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஆர்எஸ்-1 ஃபோர்க் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில், கிரெக் ஹெர்போல்டு அந்த ஃபோர்க்குடன் மலையிறக்கப் பந்தயத்தை வென்றார். இன்று சந்தையில் ஃபோர்க் வகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது விலையல்ல, ஃபிரேம்.

முதலில் பார்க்க வேண்டியது டிராவல், அதாவது ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்ற அளவு. கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு 100 முதல் 120 மி.மீ., கரடுமுரடான காட்டுப் பாதைக்கு 120 முதல் 140 மி.மீ. என்பது பொதுவான வழக்கம். கூடுதல் டிராவல் கூடுதல் சுகம் தரும் என்று நினைப்பது தவறு. ஃபோர்க் சுமார் 20 மி.மீ. நீண்டால் முன்புறம் உயர்ந்து, ஹெட் டியூபின் (ஃபோர்க் பொருந்தும் ஃபிரேமின் முன்குழாய்) கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்துவிடும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் பிடிமானம் இழந்து அலையும். 80 மி.மீ.க்கென வடிவமைத்த பழைய ஃபிரேமில் 140 மி.மீ. ஃபோர்க்கைப் பூட்டினால் ஹெட் டியூபின் பற்றவைப்பில் விரிசல் விழவும் வாய்ப்புண்டு. எனவே ஃபிரேம் தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்தது ஸ்டீயரர் குழாய், அதாவது ஹெட் டியூபுக்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல்குழாய். பழைய ஃபோர்க்குகளில் இது மேலிருந்து கீழ்வரை 28.6 மி.மீ. விட்டம் உடையது. புதியவை பெரும்பாலும் அடிப்பக்கம் ஒன்றரை அங்குலமாகப் பருத்த டேப்பர்டு வகை. ஹெட் டியூபின் உள்விட்டம் 44 மி.மீ. இருந்தால், அடியில் வெளிப்புறக் கப் பொருத்தி டேப்பர்டு ஃபோர்க்கை மாட்டலாம், 34 மி.மீ. என்றால் மாட்ட வழியில்லை.

சக்கர அளவு, ஆக்ஸில், பிரேக் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பழைய ஹப்களில் 9 மி.மீ. குயிக் ரிலீஸ் இருக்கும். இன்றைய பூஸ்ட் ஃபோர்க்கில் 15 மி.மீ. ஆக்ஸில், 110 மி.மீ. அகலம். அதை வாங்குபவர் முன்சக்கரத்தையும் மாற்ற நேரிடலாம். ரிம் பிரேக் பூட்டும் இடம் பெரும்பாலான புதிய ஃபோர்க்குகளில் இல்லை.

ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங்காக இருப்பது காயிலா, காற்றா என்பதையும் பார்க்க வேண்டும். காயில் ஸ்பிரிங் மலிவு, ஆனால் கனமானது. ஓட்டுபவரின் எடைக்கு ஒத்துவராவிட்டால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஏர் ஃபோர்க்கில் ஷாக் பம்பால் காற்றைக் கூட்டிக் குறைத்தாலே போதும். அமுங்கிய ஃபோர்க் மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டு திருகு அவசியம். அது இல்லாத ஃபோர்க் கைப்பிடியை எற்றித் தள்ளும்.

ஏர் ஃபோர்க்கைப் பூட்டிய பின் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பது எளிது. ஃபோர்க் குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, வழக்கமான உடைமைகளுடன் சைக்கிளில் ஏறி, குலுக்காமல் இறங்க வேண்டும். வளையம் நகர்ந்த தூரம் டிராவலில் 15 முதல் 25 சதவீதம் இருக்கலாம்; 120 மி.மீ. ஃபோர்க்குக்கு இது 18 முதல் 30 மி.மீ. அதற்கு மேல் அமுங்கினால் காற்றைக் கூட்ட வேண்டும். குறைவாக அமுங்கினால் காற்றை இறக்க வேண்டும்.