தாடையும் மூச்சும்

நுழையும்முன்

குறட்டை விடுபவரைக் கண்டால், ‘கவலையின்றி உறங்குகிறார்’ என்று சொல்லிச் சிரிக்கிறோம். அக்குறட்டைக்கிடையே மூச்சு நின்று மீள்வதும் உண்டு. அத்தகையோரின் உறக்கத்தைச் சீராக்குவதில் பல் மருத்துவத்திற்கும் பங்கு இருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

குறட்டை பிறக்கும் வகை

நெடுந்தூக்கத்திற்குக் கும்பகருணனை உவமை சொல்வது நம் வழக்கம். உரத்த குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. மருத்துவம் கூறும் உண்மை வேறு.

விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சு செல்லும் வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிகின்றன. குறுகிய அவ்வழியே காற்று விரைந்து செல்லும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அவ்வதிர்வின் ஒலியே குறட்டை.

வழி முற்றிலும் அடைபட்டால் மார்பும் வயிறும் எவ்வளவு முயன்றாலும் காற்று உட்புகுவதில்லை. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை நொடிப்பொழுது விழிப்படைய, திணறலோடு மூச்சு மீள்கிறது. குறைந்தது 10 நொடி நீடிக்கும் இத்தகைய தடை மீண்டும் மீண்டும் நிகழ்வதே உறக்க மூச்சுத்தடை நோய். மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் மணிக்கு 5 முதல் 15 முறை நிகழ்ந்தால் நோய் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-ஐக் கடந்தால் கடுமையானது.

பகலில் தெரியும் விளைவு

காலைத் தலைவலி, மறதி, எரிச்சல், பகலில் கண் சொருகுதல் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். உயர் குருதியழுத்தத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. இரவெல்லாம் படுத்திருந்தும் உறக்கம் நிறையாதவரை ‘சோம்பேறி’ என்று பிறர் பழிக்கின்றனர். அவர் பேருந்தோ சரக்குந்தோ ஓட்டுபவராயின், ஒரு நொடி கண் சொருகினாலும் ஆபத்து அவரோடு நிற்பதில்லை.

பல் மருத்துவரின் பங்கு

முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் தம் குழுவினருடன் 1981இல் வெளியிட்டார். கடுமையான நோய்க்கு இதுவே முதன்மைச் சிகிச்சை. எனினும், இரவு முழுதும் முகமூடி அணிய இயலாதோரும் உளர்.

நாக்கை முன்னிழுக்கும் பெருந்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தைப் பற்றியுள்ளது. எனவே, தாடை முன்னே வந்தால் நாக்கும் உடன் வரும். தொண்டை வழி அகலும். இதனைப் பயன்படுத்திப் பல் மருத்துவர் இரு பல்வரிசைகளுக்கும் அச்செடுத்து, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தும் கருவியை அமைக்கிறார். லேசான, நடுத்தர நிலைகளில் இது நற்பயன் தருகிறது.

தெரிந்து தெளிவோம்

சிறிய கீழ்த்தாடையுடன் பிறக்கும் குழந்தைகளின் நாக்கு பின்சரிந்து மூச்சை அடைப்பதைப் பிரான்சு நாட்டு வாய்நோய் மருத்துவர் பியர் ரோபின் 1923இல் விளக்கினார்.

தாடை மூட்டின் சுமை

காதுகளுக்கு முன்னே விரல்களை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். அங்கு அசைவதே தாடை மூட்டு. அது கதவின் கீல்போல் சுழல்வதுடன் முன்னோக்கி வழுக்கியும் செல்லும். மூட்டினுள் உள்ள மெல்லிய வட்டு எலும்புகள் உராயாமல் காக்கிறது. உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பதாலும் தசை இறுக்கத்தாலும் இங்கு வலி தோன்றலாம்; அது காதுவலி போலவும் தோன்றும். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் அணியும் பல்லுறை ஆகியவற்றால் பெரும்பாலோர் அறுவையின்றியே நலம் பெறுகின்றனர்.

மூச்சைக் காக்கும் கருவி இம்மூட்டை இரவு முழுதும் இயல்பிடத்திலிருந்து விலக்கி நிறுத்துகிறது. அதனால் காலையில் தாடை வலிக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்கள் பொருந்தும் முறையும் மாறலாம். ஆகவே, மூட்டையும் பற்களையும் ஆராய்ந்த பின்னரே கருவியைப் பொருத்துதல் வேண்டும். ஒலி அடங்கிவிட்டதாலேயே மூச்சு சீராகிவிட்டது என்றும் கொள்ளலாகாது. கருவி அணிவதற்கு முன்னும் அணிந்த பின்னும் உறக்க ஆய்வு செய்தல் இன்றியமையாதது.

உறங்குபவர் தம் மூச்சு நிற்பதை அறியார், அருகிலிருப்பவரே அறிவார். வீட்டில் எவரேனும் குறட்டைக்கிடையே திணறி விழிப்பதைக் கண்டால், சிரித்துக் கடந்துவிடாமல் விடிந்ததும் அவரிடம் கூறி, மருத்துவரை நாடச் செய்வது நம் கடமை.